பந்தய நாற்காலிக்கு ஒரே விசை

சாணக்யபுரி என்ற மாத்திரத்தில் வெளிநாட்டுத் தூதரகங்களும் அவற்றின் முன்னே பறக்கும் கொடிகளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்பகுதியோடு வேறு இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று, ஊரிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் தங்கும் தமிழ்நாடு இல்லம். மற்றொன்று, கோடை விடுமுறையில் வரும் உறவுக்காரப் பிள்ளைகளைத் தவறாமல் அழைத்துச் செல்லும் தேசிய ரயில் அருங்காட்சியகம். 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி திறக்கப்பட்ட அந்த இடத்தில், பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலைப் பெரியவர்கள் வியந்து பார்த்துக் கொண்டிருக்கையில், பிள்ளைகள் உள்மண்டபத்திலுள்ள சிமுலேட்டரை நோக்கி ஓடிவிடுவார்கள். எஞ்ஜின் ஓட்டுநரின் ஆசனத்தில் அமர்ந்து கைப்பிடியைத் தள்ளினால், எதிரே திரையில் தண்டவாளம் நம்மை நோக்கி ஓடி வரும். வண்டி இருந்த இடத்தில்தான் இருக்கும்; வயிற்றுக்குள் மட்டும் வேகம் தெரியும்.

இந்த வித்தை புதியதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, தரையைவிட்டு எழாத விமானம் ஒன்றை 1929-இல் செய்து முடித்தார். விமானம் ஓட்டப் பழகுவோர் உயிரைப் பணயம் வைக்காமல் பழகுவதற்கு அது உதவியது. அன்று ராணுவத்துக்கு வேண்டியிருந்த பொருள், இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் படுக்கையறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

கோயமுத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் அவரைத் தொடர்ந்தார். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவிலேயே அப்பந்தயம் நடைபெற்றது. அப்பொழுது மடியில் குழந்தைகளாக இருந்தவர்கள் இப்பொழுது மீசை அரும்பிய வாலிபர்கள். மெய்யான பந்தயத் தளத்தில் கார் ஓட்ட எந்தத் தகப்பனாரால் பணம் கட்ட முடியும்? ஆகவே ஸ்டியரிங், பெடல்கள், அலுமினியச் சட்டத்தில் பொருத்திய ஆசனம், மூன்று திரைகள், ஒரு கம்ப்யூட்டர் என்று சேர்த்து வீட்டிலேயே பந்தய நாற்காலி அமைத்துக் கொள்கிறார்கள். 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் மெய்ப்பந்தயங்கள் நின்றபோது, பேர்போன ஓட்டுநர்களே தத்தம் வீடுகளில் அமர்ந்து இவ்விதம் பந்தயம் விட்டார்கள். அதன்பின் இந்த மோகம் இன்னும் வளர்ந்தது. பிள்ளைகள் இதனை ‘ரிக்’ என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

என் தமக்கையின் மகன் இப்படி ஒரு ரிக் வைத்திருக்கிறான். பகுதி நேர வேலை பார்த்துச் சேமித்த பணம். ஆகவே அதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் அதை உயிர்ப்பிக்கும் சடங்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். சுவரில் ஒரு ஸ்விட்ச். கீழே எக்ஸ்டென்ஷன் போர்டில் ஒன்று. அதற்கு அடுத்த போர்டில் இன்னொன்று. கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்று, முகத்தில் ஒன்று. திரைகளுக்கு மூன்று. ஸ்டியரிங் மோட்டாருக்கு ஒன்று. ஆசனத்தை அதிரச் செய்யும் ஆம்பிளிபயருக்கு ஒன்று. பிறகு நாற்காலியில் அமர்ந்து நான்கு மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அணைக்கும்போது இவ்வளவையும் திரும்பச் செய்ய வேண்டும். செய்வானா? செய்ய மாட்டான். திரைகள் தூங்கிக் கொண்டே இருக்கும். மோட்டாரின் பச்சை விளக்கு இரவு முழுவதும் எரியும்.

இரவு பத்து மணிக்கு அவன் பாட்டியார் வருவார். “விளக்கெல்லாம் எரியறதேடா குழந்தை” என்று சொல்லிக் கொண்டே சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். கம்ப்யூட்டர் ஏதேனும் எழுதிக் கொண்டிருக்கும் தறுவாயில் மின்சாரம் நின்றால், எழுதிய கோப்பு பாதியில் முறியும். ஒரு முறை அவனுடைய கல்லூரிக் கட்டுரையே அப்படிப் போயிற்று. மறுநாள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அதன் முடிவில் அவன் என்னிடம், “மாமா, நீங்கள் ரயில்வேயில் இருக்கிறீர்களே, ஒரே ஸ்விட்சில் எல்லாம் நடக்க வழி சொல்லுங்கள்” என்றான். நான் குமாஸ்தா, எஞ்ஜின் ஓட்டுபவன் அல்லன். ஆயினும் இருபுறமும் எஞ்ஜின் ஓட்டுநர்களை அண்டை வீட்டாராகக் கொண்டு வாழ்பவன். இந்தக் கேள்விக்கு ரயில்வேயில் விடை உண்டு.

பாட்டியார் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. உறங்கும் யந்திரங்கள் எல்லாம் சேர்ந்து 15 வாட் மின்சாரம் உண்பதாக வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 21 மணி நேரம், மாதம் 30 நாள் என்றால் ஏறக்குறைய ஒன்பதரை யூனிட் ஆகிறது. எவருக்கும் உதவாத ஒன்பதரை யூனிட். சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே, உறங்கும் சாதனம் ஒவ்வொன்றும் ஒரு வாட்டுக்கு மேல் உண்ணலாகாது என்ற குறிக்கோளை முன்வைத்தது. ஆனால் பாட்டியார் கையாண்ட முறைதான் சரியன்று.

மின்சார ரயில் எஞ்ஜினை எப்படி உயிர்ப்பிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இங்கிருந்து தெற்கே செல்லும் வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 வகை எஞ்ஜினில், ஓட்டுநர் முதலில் ஒரு சாவியைத் திருப்புகிறார். கட்டுப்பாட்டு மின்சுற்று விழிக்கிறது. அடுத்து கூரைமேலுள்ள பாண்டோகிராப் உயர்ந்து 25,000 வோல்ட் கம்பியைத் தொடுகிறது. அதன் பிறகே பெரிய சர்க்யூட் பிரேக்கர் மூடுகிறது. பின்னர் காற்றழுத்தப் பொறி, குளிர்விக்கும் விசிறிகள் முதலான துணை யந்திரங்கள் ஓடத் தொடங்குகின்றன. இழுவை மோட்டார்களுக்கு முறை வருவது கடைசியில். நிறுத்தும்போது வரிசை தலைகீழ். பிரேக்கரைத் திறந்த பிறகே பாண்டோகிராப் இறங்க வேண்டும். மின்சாரம் பாய்ந்து கொண்டிருக்கையில் அதை இறக்கினால் கம்பிக்கும் அதற்கும் இடையே தீப்பிழம்பு எழுந்து இரண்டையும் அரித்துவிடும். சுற்றை முறிப்பதற்கென்று படைக்கப்பட்ட உறுப்பு எதுவோ, அதுதான் சுற்றை முறிக்க வேண்டும். பாட்டியார் சுவர் ஸ்விட்சைத் தட்டுவது, பிரேக்கரைத் திறக்காமல் பாண்டோகிராப்பை இறக்குவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. நிலையங்களில் சிக்னல் கைப்பிடியையும் தண்டவாளப் பாதையை மாற்றும் கைப்பிடியையும் ஒன்றோடொன்று பிணைத்து, பாதை சரியாக அமையாமல் சிக்னல் இறங்காதபடி செய்யும் ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ஜான் ஸாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை பெற்றார். ‘இண்டர்லாக்கிங்’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதற்கு முன் வரிசையை மனிதன் மனத்தில் வைத்திருந்தான். மறந்தபோது வண்டிகள் மோதின. அதன் பிறகு வரிசையை இரும்பு நினைவில் வைத்துக் கொண்டது. ரிக்குக்கும் இதுவே வேண்டும். காகிதத்தில் எழுதி ஒட்டிய வரிசை ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

சரி, ரிக்கில் எது முன், எது பின்? ஆட்டம் திறக்கும்போதே ஸ்டியரிங் விழித்திருக்க வேண்டும். பல ஆட்டங்கள் தொடங்கும் தருணத்தில்தான் என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று பார்க்கின்றன. ஆம்பிளிபயர் கடைசியில் எழுந்து முதலில் உறங்குவது உசிதம்; இல்லையேல் ஆசனத்தில் ‘டொக்’ என்று ஓர் அடி விழும். கம்ப்யூட்டர் தன் வேலையைத் தானே முடித்துக் கொண்டு அணைந்த பிறகே மற்றவற்றுக்கு மின்சாரம் நிற்க வேண்டும்.

ஸ்டியரிங்கைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்சக்கரம் வைத்த சில ஸ்டியரிங்குகள், மின்சாரம் வந்தவுடன் தாமாகவே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுழன்று தம் நடுநிலையைத் தெரிந்து கொள்ளும். மோட்டார் அச்சிலேயே நேரே பொருத்தப்படும் வகைகளோ அவற்றினும் பலம் வாய்ந்தவை. எளிய வகையில் சுமார் 2 நியூட்டன் மீட்டர் என்றால், நடுத்தர வகையில் 8. மிக உயர்ந்த சிலவற்றில் 25 வரை செல்லும். 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 25 என்பது 17 கிலோ எடை கட்டி இழுப்பதற்குச் சமம். தில்லிக்கு வெளியே எங்கள் உறவினர் வீடொன்றில், மின்சாரம் போயிருந்த மாலையில், நான்கு வயதுப் பெண் குழந்தை பந்தய நாற்காலியில் ஏறி, சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே விரல்களை விட்டு விளையாடிக் கொண்டிருந்தது. ஸ்விட்சுகளை எவரும் அணைக்கவில்லை. மின்சாரம் திரும்பியது, சக்கரம் சுழன்றது. எளிய வகையாக இருந்ததால் விரல் வீங்கியதோடு போயிற்று. குழந்தை அதன்பின் பல நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ‘ஒரே விசை’ என்பதைச் சௌகரியத்துக்காக மட்டும் கேட்கிறோம் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் எதுவும் தானாக விழிக்கலாகாது. எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த ஒரு நிபந்தனையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.

கடைக்காரர்களும் பிள்ளைகளின் சிநேகிதர்களும் சொல்லும் முதல் உபாயம், எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகி, கம்ப்யூட்டரின் ‘பயாஸ்’ அமைப்பில், மின்சாரம் வந்தவுடன் தானே எழும்படி ஏற்பாடு செய்வது. சுவர் ஸ்விட்சைப் போட்டால் அனைத்தும் எழும் என்பது மெய். ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தாலும் அனைத்தும் எழும். மேலே சொன்ன நிபந்தனைக்கு இது நேர் விரோதம். அணைப்பதற்கும் இது வழி காட்டவில்லை. இதை நான் தள்ளிவிட்டேன்.

இரண்டாவது, தொலைபேசியிலிருந்து இயக்கும் ‘ஸ்மார்ட் பிளக்’. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒன்று வைத்து, சில வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எழும்படி செய்யலாம். வாயால் சொல்லியும் இயக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு இண்டர்நெட் நின்றால் சிலவகை செயலற்றுப் போகும். பையன் தொலைபேசியோடு கல்லூரிக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பவர்கள் கையைப் பிசைய வேண்டும். அவன் தாத்தாவோ, சுவரோடு இங்கிலீஷில் பேசுவதற்குத் தம்மால் ஆகாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். இதை வாங்குவோர், மின்வெட்டுக்குப் பின் அணைந்த நிலையிலேயே இருக்கும்படி அமைக்க வசதி உண்டா என்று பார்த்து வாங்குவது நலம்.

என் மனத்துக்கு ஒப்பானது மூன்றாவது. கம்ப்யூட்டரே தலைவன், மற்றவை அதனைப் பின்பற்ற வேண்டும். இதற்கென்றே ஒருவகை போர்டு உண்டு. அதில் ஒரு சாக்கெட் தலைமைச் சாக்கெட்; ஏனையவை அதற்கு அடங்கியவை. தலைமைச் சாக்கெட்டில் கம்ப்யூட்டரைச் செருகுகிறோம். அது எழுந்து மின்சாரம் இழுக்கத் தொடங்கியதும், போர்டு அதை உணர்ந்து மற்றச் சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் விடுகிறது. கம்ப்யூட்டர் முறைப்படி அணைந்து, அது இழுக்கும் மின்சாரம் சில வாட்டாகக் குறைந்ததும், மற்றவை தாமே அணைகின்றன. பொத்தானை அழுத்திய மறு கணம் ஸ்டியரிங் விழித்து, ஆட்டம் திறப்பதற்குள் தயாராகிவிடும். அணையும்போது கம்ப்யூட்டர் தன் கணக்கை முடித்த பிறகே மற்றவை போகும். மின்சாரம் போய் வந்தால் கம்ப்யூட்டர் எழாது; ஆகவே ஸ்டியரிங்கும் எழாது. ஆம்பிளிபயரின் ‘டொக்’ ஒன்று மட்டும் சில வேளை கேட்கும். அது போகட்டும்.

இத்தகைய போர்டுகள் நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றில் சில, அயல் நாட்டுச் சாக்கெட்டோடு வருகின்றன. நம் மூன்று முனைப் பிளக் பொருந்துவதும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதுமாகக் கிடைத்தாலன்றி வாங்க வேண்டாம். அடாப்டர் மேல் அடாப்டர் செருகிக் கோபுரம் கட்டுவது தீக்கு அழைப்பு. கிடைக்காவிட்டால், தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதே வேலையைச் செய்யலாம். கம்ப்யூட்டருக்குள் 12 வோல்ட் மின்சாரம் அது ஓடும்போது மட்டுமே இருக்கும், அணைந்தால் இராது. அந்த 12 வோல்ட்டைக் கொண்டு ஒரு ரிலேயை இயக்கி, அந்த ரிலே மற்ற சாதனங்களின் மின்சாரத்தைத் திறந்து மூடும்படி அமைப்பதே வழி. யு.எஸ்.பி. முனையிலிருந்து இயக்கும் வகையும் உண்டு. ஆனால் பல கம்ப்யூட்டர்களில், அணைத்த பிறகும் யு.எஸ்.பி. முனையில் 5 வோல்ட் தங்கியிருக்கும். பயாஸில் ‘ஈ.ஆர்.பி.’ என்ற அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் அது நின்றுவிடும்.

ரிலேயின் பலம் போதுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஓடும்போது இந்த ரிக் முழுவதும் சேர்ந்து ஆயிரம் வாட்டை எட்டுவதே அரிது. 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும் 1,380 வாட்டுக்குள் அடங்கிவிடும். சங்கடம் முதல் கணத்தில்தான். இச்சாதனங்களின் பவர் சப்ளைகளுக்குள் உள்ள கப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். மின்சாரம் வந்தவுடன் வழக்கத்தைவிடப் பன்மடங்கு இழுத்து நிரம்பும். எல்லாம் ஒரே கணத்தில் எழுந்தால் எம்.சி.பி. விழுந்துவிடலாம்; சிறிய ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக் கொள்ளவும் கூடும். ஒட்டிக் கொண்ட ரிலே அணையவே அணையாது. ஆகவே 16 ஆம்பியர் தாங்கும் காண்டாக்டர் ஒன்றும், ஆம்பிளிபயருக்கு மட்டும் சில வினாடி தாமதமும் வைப்பது நன்று. கீஸரையோ அறை ஹீட்டரையோ அதே போர்டில் செருகுவோரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எர்த் கம்பி இருக்கிறதா என்று சோதிப்பதும், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் பொருத்துவதும் ரிக் இல்லாத வீட்டுக்கும் வேண்டியவையே. அலுமினியச் சட்டத்தில் வெறுங்காலோடு அமரும் பிள்ளைக்கு அது இன்னும் வேண்டும்.

தில்லி வீடுகளில் இன்வர்ட்டர் வழக்கமாகிவிட்டது. சதுர அலை வகைப் பழைய இன்வர்ட்டர்கள் இன்றைய கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளைக்கு ஒத்து வருவதில்லை. யு.பி.எஸ். வைத்திருந்தால் அதில் கம்ப்யூட்டரையும் ஒரு திரையையும் மட்டும் சேர்த்தால் போதும். ஸ்டியரிங்கையும் ஆம்பிளிபயரையும் அதில் ஏற்ற வேண்டாம். மின்சாரம் போனால் பந்தயம் போயிற்று. கோப்பு பிழைத்தால் சரி.

இனி அந்த ஒரே விசை எங்கே இருக்க வேண்டும் என்பது. கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்கடியில் கிடக்கும். குனிந்து தேட வேண்டும். அதன் முகப்புப் பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்வது இரண்டே மெல்லிய கம்பிகள். அவற்றில் ஓடுவது ஆபத்தில்லாத சிறு வோல்ட். அவற்றை நீட்டி, ஆசனத்தின் பக்கத்தில் ஒரு பெரிய பொத்தானாக அமைக்கலாம். அழுத்தினால் தொட்டு, விட்டால் பிரியும் வகையாக அது இருக்க வேண்டும். என் மருமான் சிவப்புப் பொத்தான் வேண்டுமென்றான். சிவப்பு, பலமான ஸ்டியரிங்குகளோடு வரும் அபாய நிறுத்தத்துக்கு உரியது. இதற்குப் பச்சை போதும் என்று சொன்னேன். விண்டோஸ் அமைப்பில், அப்பொத்தானை அழுத்தினால் ‘ஷட் டவுன்’ ஆக வேண்டும் என்று ஒரு முறை குறித்துவிட்டால், எழுப்புவதும் அணைப்பதும் ஒரே பொத்தானின் வேலையாகிவிடும். ஆட்டத்தை மூடாமல் அழுத்தினால் கம்ப்யூட்டர் தயங்கி நின்று திரையில் கேள்வி கேட்கக் கூடும். ஆகவே ஆட்டத்தை மூடிவிட்டு எழுவது பையனின் பொறுப்பு. பொத்தானைத் தொடர்ந்து நான்கு வினாடிக்கு மேல் பிடித்திருந்தால் வலுக்கட்டாயமாக அணைந்துவிடும். அது பழைய கதைதான். திறக்க வேண்டிய நான்கு மென்பொருள்களையும் விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவையும் தாமே திறந்து கொள்ளும்.

பாட்டியாருக்குப் பாடம் ஒரே வாக்கியம்: “தொட்டு அழுத்தி, உடனே கையை எடுத்துவிடுங்கள்.” முதல் நாள் அவர் பூஜையறை மணியடிப்பது போல் மெல்லத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை அழுத்தினார். திரைகளில் எழுத்து ஓடி மறைந்தது. கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. இரண்டு வினாடி கழித்து ‘டிக்’ என்று ரிலே விழுந்து, ஸ்டியரிங்கின் பச்சை விளக்கும் அணைந்தது. “இவ்வளவுதானா?” என்றார். இப்போது இரவு பத்து மணிக்கு அது அவருடைய உத்தியோகம்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சேர 2,180 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாதி வழியில் ஸ்விட்சை நினைத்துப் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டரைப் பொத்தானால் அணைத்து, ரிலே விழும் ஓசை கேட்ட பிறகு, சுவர்ப் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மே மாதத்தில் புழுதிப் புயலோடு இடியும் வரும். கம்ப்யூட்டர் பெட்டியின் காற்றுத் துளைகள் மேல் ஒரு பழைய வேஷ்டியைப் போர்த்திவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் பிளக்கைச் செருகுமுன் அதை எடுத்துவிடுங்கள்.